எழுவாய் எங்கே? பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு கலவரத்தைப் பற்றிக் கதைப்பது

ஜூலை 9 | ஹட்டன் மாலைவகுப்பு

தரம் 10, 11 பிள்ளைகள் பதினாறு பேர். தேயிலைத் தோட்டத்து வாசிகசாலை, சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம். ஜூலை பிறந்தால், 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு ஜூலை வன்முறை பற்றிய வீடியோ போனில் வரிசையாக வருகிறது. பின்னணியில் பாட்டு, எரிகிற கடை, எந்த ஊரில் எப்போது எடுத்ததென்று தெரியாத பிணங்கள். பிள்ளைகளிடம் இரண்டே வசனம்தான் இருக்கிறது. ஒன்று, "அடிச்சவன திருப்பி அடிக்கணும்." மற்றது, "அதெல்லாம் பழைய கத டீச்சர்." பெற்றோர் சிலர் இதைக் கிளற வேண்டாம் என்கிறார்கள். நாம் கதைக்காமல் விட்டால் போன்தான் கற்பிக்கும். எங்கிருந்து தொடங்குவது?

ஜூலை 10 | பழைய கரும்பலகை

"வன்முறை சரியா, பிழையா?" என்று தொடங்க வேண்டாம் டீச்சர். அதற்கு என்ன விடை எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். "பிழை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அதே வீடியோவைப் பகிரும்.

ஒரு நாள், ஒரு இடம், ஒரு சம்பவம். அதற்குமேல் முதல் வகுப்பில் எடுக்கக்கூடாது. முதலாவதாக 83ஐ எடுக்கவும் கூடாது. அந்த அறையில் இருக்கிற ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டில் அது இன்னும் ஆறாத புண். முல்லோயாவில் தொடங்குங்கள். 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டைப் பக்கம். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், பொலிஸ் சுட்டது, கோவிந்தன் இறந்தார். பிறகு விசாரணை ஆணைக்குழு வந்தது. யாருக்கும் தொண்டை அடைக்காத அளவுக்குத் தூரம், பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற அளவுக்குக் கிட்ட.

கரும்பலகையில் நான்கு நிரல்: என்ன நடந்தது, யார் சொன்னது, யார் கையில் என்ன இருந்தது, பிறகு என்ன ஆனது. மூன்றாவது நிரலில் துவக்கு மட்டுமல்ல. செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), லயத்தை (தோட்டக் குடியிருப்பு வரிசையை) விட்டு வெளியேற்றும் அதிகாரம், நீதிமன்றத்தின் பாஷை எல்லாம் "கையில் இருந்தவை"தான். பிள்ளைகள் அதிகம் யோசிப்பது இந்த நிரலில்தான். இருபது நிமிடம் அதற்கே கொடுங்கள்.

ஜூலை 10 | பழைய கரும்பலகை

ஒன்று விட்டுப்போனது. பட்டிமன்றம் வைக்க வேண்டாம். பாடசாலைத் தமிழ்த் தின மேடையில் பழகிய பிள்ளைகள் உடனே அதைத்தான் கேட்பார்கள். பட்டிமன்றத்தில் எதிர்த்தரப்பு சொன்னது சரியென்று ஒத்துக்கொண்டால் தோல்வி. இந்த வகுப்புக்கு வேண்டியதே அந்த ஒத்துக்கொள்ளல்தான். நாடகமும் வேண்டாம். அடிக்கிறவனாக நடித்த பிள்ளைக்கு அந்த உற்சாகம் உடம்பில் தங்கிவிடும். அடி வாங்கியவளாக நடித்த பிள்ளை அன்று இரவு தூங்காது.

ஜூலை 12 | பழைய கரும்பலகை

நான்கு நிரலையும் விடப் பயன்படும் கருவி தமிழ் இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது: செய்வினை, செயப்பாட்டுவினை, தோன்றா எழுவாய். பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதை இங்கே வேலைக்கு எடுங்கள்.

பலகையில் எழுத வேண்டியது:

"முல்லோயாவில் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்."

எழுவாய் யார் என்று கேளுங்கள். "தொழிலாளி" என்பார்கள். சரி, சுட்டது யார்? வசனத்தில் ஆளே இல்லை. "சுட்டு" என்ற வினையெச்சம் இருக்கிறது, சுட்டவர் இல்லை. இப்போது செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள்: "கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸார் சுட்டார்கள், கோவிந்தன் இறந்தார்." ஒரே செய்திதான். ஆனால் இரண்டாவது வசனத்தைப் படித்தவன் "ஏன் சுட்டார்கள், யார் உத்தரவு?" என்று கேட்பான். முதலாவதைப் படித்தவன் "ஐயோ பாவம்" என்று தாளைத் திருப்புவான்.

பிறகு வீட்டில் கிடைக்கிற பழைய பத்திரிகை நான்கைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். செய்தவரை ஒளிக்கும் சொற்களைச் சிவப்பு பிளாட்டிக்னம் பேனாவால் வளைக்க வேண்டும். "இனந்தெரியாத நபர்கள்", "அசம்பாவிதம்", "பதற்றம் நிலவியது", "வன்முறை வெடித்தது" எல்லாம் மாட்டும். வன்முறை தானாக வெடிக்காது. யாரோ எண்ணெய் வாங்கினார்கள், யாரோ லொறி கொடுத்தார்கள், யாரோ எந்த வீடு என்று காட்டினார்கள்.

ஜூலை 13 | பதுளைக்காரர்

அதே கணக்கில் "கலவரம்" என்ற சொல்லையும் எடுங்கள் சேர். எங்கள் ஆட்கள் எழுபத்தேழு கலவரம், எண்பத்து மூணு கலவரம் என்றுதான் சொல்வார்கள். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் கைகலந்தது போலக் கேட்கும். 1983 ஜூலை 27இல் பதுளை நகரம் எரிந்தபோது நடந்தது கைகலப்பு இல்லை. பிள்ளைகளுக்கு நான்கு சொல்லைக் கொடுத்து எது எதற்குப் பொருந்தும் என்று கேட்கலாம்: கலவரம், இனவன்முறை, படுகொலை, கிளர்ச்சி. ஒவ்வொரு சொல்லும் யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்று பார்க்க வைக்கலாம்.

ஜூலை 13 | பழைய கரும்பலகை

ஆம். ஒரே ஒரு எச்சரிக்கை: "கலவரம்" என்று சொல்லும் பாட்டியைப் பிள்ளை திருத்தக்கூடாது. அந்தச் சொல்லை வைத்துத்தான் அவர் இத்தனை வருடம் அந்த இரவைத் தாங்கினார்.

ஜூலை 15 | பழைய கரும்பலகை

அட்டைப் பயிற்சி. ஒரு பிரிஸ்டல் போட் வாங்கி நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்காக வெட்டினால் பதினாறு அட்டை, ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்கு ஐந்தரை. முன்பக்கம் சம்பவம் மட்டும், பின்பக்கம் ஆண்டு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், வாசிகசாலை பல்ப் வெளிச்சத்தில் பின்வரிசைக்குத் தெரிய வேண்டும்.

போட வேண்டியவை: முல்லோயா துப்பாக்கிச்சூடு (1940). மலையகத் தமிழரில் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் (1948). சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் (1964), அதில் அப்படி நாடற்றுப் போனவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரின் தலைவிதி பிறகு பார்க்கலாம் என்று. ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி என்ற இடதுசாரி இயக்கம்) செய்த முதல் கிளர்ச்சி (1971 ஏப்ரல்). டெவன் தோட்டத்தில் காணி சுவீகரிப்பை எதிர்த்தபோது பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் இறந்தது (1977 மே). அதே ஆண்டு ஓகஸ்டில் இனவன்முறை. பயங்கரவாதத் தடைச் சட்டம் (1979). கறுப்பு ஜூலை (1983). ஜே.வி.பி. இரண்டாம் கிளர்ச்சி (1987–89). காத்தான்குடிப் பள்ளிவாசல் கொலைகள் (1990 ஓகஸ்ட்). வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியது (1990 ஒக்டோபர்). பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையக் கொலைகள் (2000 ஒக்டோபர் 25). கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை (2018 மார்ச்). உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் (2019 ஏப்ரல் 21). மீதி இரண்டு வெற்று அட்டை, பிள்ளைகள் தாங்களே நிரப்ப.

நால்வர் கொண்ட நான்கு குழு. பதினைந்து நிமிடத்தில் தரையில் வரிசைப்படுத்த வேண்டும். ஆண்டு பிழைத்தால் பரவாயில்லை. கேட்க வேண்டிய கேள்வி: இதில் எந்த அட்டையில் இரத்தம் இல்லை? 1948, 1964, 1979 என்று எடுப்பார்கள். சரி, அந்த அட்டைகளை எடுத்துவிட்டால் மற்ற அட்டைகள் அப்படியே இருக்குமா? கையெழுத்தால் நடக்கும் வன்முறையும் உண்டென்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்வது இந்த இடத்தில்தான். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

இந்தப் பயிற்சி கெடுவது இரண்டு காரணத்தால். பதினாறு அட்டையையும் விளக்கப் போனால் நேரம் போய்விடும், ஒன்றை மட்டும் விளக்குங்கள். இரண்டாவது, "யார் அதிகம் செத்தது" என்ற கணக்குக்குள் வகுப்பு சரியும். அப்படிச் சரிந்தால் எண்ணையே பாடமாக்குங்கள். 1983க்கு அரசு சொன்னது சில நூறு, தமிழ்த் தரப்பில் சொல்லப்படுவது 3000 வரை. இந்த இடைவெளி ஏன்? யார் எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை, உடல் கிடைக்காதவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

ஜூலை 15 | பழைய கரும்பலகை

டெவன் அட்டையில் "7000 ஏக்கர்" என்று எழுதுகிறவர்கள் கவனிக்கவும். அது டெவன் ஒரு தோட்டத்தின் காணி அல்ல. நுவரெலியாவில் எடுக்கத் திட்டமிட்ட தோட்டக்காணியின் மொத்தம்.

ஜூலை 17 | மடவளைவாசி

திகனயை அட்டையோடு விட்டுவிட வேண்டாம். பிள்ளைகளின் போனுக்கு மிகக் கிட்ட இருக்கிற சம்பவம் அது. மலையகத் தமிழ்ப் பிள்ளை அடி வாங்கியவனின் இடத்திலிருந்து பாராமல், பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கிற சம்பவமும் அதுதான்.

ஒரு வாரம் முன்னால் அம்பாறையிலிருந்து தொடங்குங்கள். 2018 பெப்ரவரி 26 இரவு. முஸ்லிம் கடை ஒன்றில் சாப்பிட்டவர் உணவில் ஏதோ கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்கிறார். கூட்டம் சூழ்ந்திருக்கிறது. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை, பயத்தில் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகி "ஒப்புதல் வாக்குமூலம்" ஆகிறது. அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னது: அது மாவு. உணவில் போட்டு ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளங்காத பாஷையில் அதிகாரத்தோடு ஒருவர் கேட்டால் தலையாட்டிவிடுவது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். பொலிஸிலும் கந்தோரிலும் பெரியவர்கள் ஆட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். கேட்க வேண்டியது: இந்த வீடியோவை நிறுத்தியிருக்கக்கூடிய ஆட்கள் யார் யார்? கேட்டவர், படம் எடுத்தவர், முதலில் பகிர்ந்தவர், "உண்மையா?" என்று கேட்காமல் பகிர்ந்த ஆயிரமாவது ஆள். ஒவ்வொருவருக்கும் ஒரு எழுவாய்.

திகனயிலும் அதே. பெப்ரவரி 22 தெல்தெனியவில் வாகனத் தகராறில் ஒரு சிங்களச் சாரதியைச் சிலர் தாக்கினார்கள். மார்ச் 3 அவர் இறந்தார். 5ஆம் திகதி முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கம். இடையில் என்ன நடந்தது? "சிலர்" என்பது "முஸ்லிம்கள்" ஆனது.

ஜூலை 17 | பழைய கரும்பலகை

இதுதான் நான் சொல்லத் தவறிய மற்றப் பாதி. எழுவாயை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். பத்திரிகை அதை ஒளிக்கிறது: "கொல்லப்பட்டார்." வாட்ஸ்அப் அதை ஊதிப் பெருக்குகிறது: நான்கு பேர் செய்ததை ஒரு சனம் முழுக்கச் செய்ததாக. "பொலிஸ் சுட்டது" என்று எழுதப் பழக்கிய அதே பிள்ளைக்கு, "சிங்களவன் எரிச்சான்" என்பதை "இந்த ஊரில் இந்தக் கும்பல் எரித்தது, பொலிஸ் பார்த்துக்கொண்டிருந்தது" என்று திருத்தவும் பழக்க வேண்டும். ஒன்றை மட்டும் பழக்கினால் பாதிப் பிள்ளைதான் வளரும்.

ஜே.வி.பி. அட்டை இதற்கு உதவும். 1987–89இல் கொல்லப்பட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் சிங்களவர். அவர்களைக் கொன்றது அரச படைகளும் அதன் பக்கமிருந்த ஆயுதக் குழுக்களும், மறுபக்கம் ஜே.வி.பி.யும். ரோஹண விஜேவீர பிடிபட்டது நமது மலையில்தான், உலப்பனையில், 1989 நவம்பரில். அந்த இயக்கத்தின் ஆரம்ப வகுப்புகளில் "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்ற விரிவுரை இருந்தது, தோட்டத் தமிழரை அதன் கருவியாகப் பார்த்தது. அதே கட்சியின் தலைவர் 2024இல் தேர்தலில் வென்று ஜனாதிபதியானார். ஆயுதத்தைப் போட்டுவிட்டுத் தேர்தலுக்கு வர என்ன தேவைப்பட்டது, வழியில் யாரிடம் பொறுப்பு கேட்கப்படவில்லை? தரம் 11க்கு இது முழு வகுப்புக்கான கேள்வி.

ஜூலை 19 | ஹட்டன் மாலைவகுப்பு

இன்று "பெயர் மாற்றிப் பார்" பயிற்சியும் செய்தோம். செய்தியில் தமிழர் என்ற இடத்தில் முஸ்லிம், முஸ்லிம் என்ற இடத்தில் சிங்களவர் என்று மாற்றி, மனது அதே அளவு துடிக்கிறதா என்று பார்ப்பது. வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆனால் கடைசியில் நாலைந்து பேர் "அப்ப எல்லாரும் ஒண்ணுதான் டீச்சர்" என்று முடித்துவிட்டார்கள்.

ஜூலை 20 | பழைய கரும்பலகை

அந்தப் பயிற்சி பல இடத்தில் சொல்லித்தரப்படுகிறது, நானும் பரிந்துரைத்து வந்தேன். உங்கள் பிள்ளைகளின் முடிவைப் பார்த்தபின் ஒழுங்கை மாற்றுகிறேன். பெயர் மாற்றல் நம் மனதின் ஓரவஞ்சனையைக் காட்டும், அதற்குமேல் காட்டாது. பிந்துனுவெவயை எடுங்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் அரசின் புனர்வாழ்வு நிலையம், காவலுக்குப் பொலிஸ், உள்ளே தமிழ் இளைஞர்கள். வெளியிலிருந்து கும்பல் வந்து 27 பேரைக் கொன்றது. சிலர் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2005ஆம் ஆண்டு மே மாதத்துடன் தண்டிக்கப்பட்ட எல்லோரும் மேன்முறையீட்டில் விடுதலை. இங்கே இனப்பெயரை மாற்றினால் ஒன்றும் துலங்காது. பூட்டு யார் கையில் இருந்தது என்பதுதான் விடயம்.

ஆகவே முதலில் மூன்றாம் நிரல் (யார் கையில் என்ன), அதை நிரப்பிய பிறகே பெயர் மாற்றல். அடுத்த சனிக்கிழமை அதே செய்தியை இந்த ஒழுங்கில் திரும்பச் செய்யுங்கள்.

ஜூலை 22 | ஹட்டன் மாலைவகுப்பு

விடுதலைப் புலிகளைப் பற்றி ஒரு மகன் கேட்டது: "அப்ப இயக்கம் செஞ்சதும் பிழையா?" நான் அடுத்த கிழமை என்று தள்ளிவிட்டேன்.

ஜூலை 22 | பழைய கரும்பலகை

தள்ளியது சரி, மறக்காமல் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் மற்றவனின் குற்றத்தை எண்ணும் வகுப்பாகிவிடும்.

"ஆம்", "இல்லை" சொல்ல வேண்டாம். கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள். ஏன் ஆயுதம் தூக்கினார்கள்? அதற்கு 1977, 1983 அட்டைகள் விடை சொல்லும். யாரைத் தாக்கினார்கள்? படைமுகாம் வேறு, 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் வேறு. யாரைச் சண்டைக்கு அனுப்பினார்கள்? பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் போனார்கள், உங்கள் முன்னால் இருப்பவர்களின் வயது. காரணத்தை விளங்கிக்கொள்வதும் செயலைச் சரியென்பதும் வெவ்வேறு என்பதை அந்த மகன் தன் வாயால் சொல்ல விடுங்கள். ஒரு வகுப்பில் சொல்லாவிட்டால் பரவாயில்லை.

ஜூலை 23 | பதுளைக்காரர்

சட்டப் பக்கம். வகுப்பைப் போனில் பதிவு செய்ய விடவேண்டாம், ஆரம்பத்திலேயே எல்லாப் போனும் ஒரு கூடையில். கொடி, சின்னம், தலைவர் படம் உள்ள எதையும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். புலிகளின் மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதங்களில் முகநூல் பதிவுக்காக இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகியிருக்கிறார்கள். 2007இன் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பிள்ளை ஒரு வீடியோவை "பாருங்க என்ன அநியாயம்" என்று பகிர்ந்தாலும் தலைவலி வரலாம். பாடத்திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தோட்டத் தலைவருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே காட்டுங்கள். குடியியற் கல்வியிலும் வரலாற்றிலும் உள்ள அலகுகளோடு பொருத்திக் காட்டினால் பயம் குறையும்.

ஜூலை 25 | பழைய கரும்பலகை

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரும் பயிற்சி. மூன்றே கேள்வி கொடுங்கள்: அன்றைக்கு இரவு எங்கே படுத்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? கதவைத் தட்டி உதவியது யார், தட்டியும் திறக்காதது யார்? "யார் செத்தது?" என்று பிள்ளை கேட்கக்கூடாது. பாட்டி தானாகச் சொன்னால் கேட்கலாம். "வேண்டாம்" என்றால் அதோடு எழுந்துவிட வேண்டும், அடுத்த நாள் திரும்பக் கேட்கவும் கூடாது.

பெரியவர்கள் 77, 81, 83 மூன்று வருட வன்முறையையும் கலந்து சொல்வது சாதாரணம். பொய் இல்லை, ஞாபகம் அப்படித்தான் அடுக்கும். பிரித்தெடுக்க ஆண்டைக் கேட்காமல் பக்கத்து அடையாளத்தைக் கேளுங்கள். பஞ்சம் முடிந்து எவ்வளவு காலம்? (1973–74 பஞ்சம்.) தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகா? (1972, 1975.) ஆட்கள் இன்னும் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்களா? (1984இல் நின்றது.)

சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கதை பல வீட்டில் வரும். அதைப் பொன்னாக எடுங்கள். ஆனால் வகுப்பின் கடைசியில் அதை வைத்துக் "பார்த்தீர்களா, நல்லவர்களும் உண்டு" என்று மூடிவிட வேண்டாம். நடுவில் வையுங்கள், கேள்வி கேளுங்கள்: அந்த வீட்டுக்காரருக்கு என்ன ஆபத்து இருந்தது, ஏன் அடுத்த வீடு திறக்கவில்லை?

ஜூலை 26 | மடவளைவாசி

கலப்பு வகுப்புக்கு ஒன்று: ஒரேயொரு முஸ்லிம் பிள்ளையோ சிங்களப் பிள்ளையோ இருந்தால் "உங்கட ஆக்கள் என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை ஒரு சனத்தின் பேச்சாளர் இல்லை. இதுவும் அதே ஊதிப் பெருக்கிய எழுவாய்தான்.

ஜூலை 28 | ஹட்டன் மாலைவகுப்பு

அழுதால்?

ஜூலை 28 | பழைய கரும்பலகை

பாடத்தை நிறுத்துங்கள், வகுப்பை நிறுத்த வேண்டாம். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். "ஏன் அழுகிறாய்?" வேண்டாம், "வெளியே போய் நிற்போமா?" போதும். கூட ஒரு சினேகிதி வரட்டும். பெரும்பாலும் அழுகை 1983க்காக இராது. நேற்று வீட்டில் நடந்த அடிக்காக இருக்கும். அப்படித் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. மனம் உடைந்திருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இரண்டையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் சுவரில் ஒட்டிவைத்தால், எடுக்கிற பிள்ளை தனித்துத் தெரியாது.

ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பதினைந்து நிமிடம் இன்றைய காரியத்துக்கு: அடுத்த கிழமை ஒரு வதந்தி வந்தால் யாரிடம் கேட்பேன், எந்தக் குழுவில் பகிரமாட்டேன். வாயால் சொல்ல வேண்டாம், துண்டுக் கடதாசியில்.

ஓகஸ்ட் 2 | ஹட்டன் மாலைவகுப்பு

அந்தத் துண்டுகளை என்ன செய்வது? ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. சிலவற்றில் வீட்டுக் கதைகளும் இருக்கின்றன.

ஓகஸ்ட் 2 | பழைய கரும்பலகை

பெயர் எழுதியிருந்தால் வெட்டிவிட்டு, வீட்டுக் கதையுள்ளதை அந்தந்தப் பிள்ளையின் கையில் மட்டும் திருப்பிக் கொடுங்கள். படம் எடுத்து வைக்க வேண்டாம், நல்ல எண்ணத்தோடும் வேண்டாம். அட்டைகள் பதினாறையும் ரப்பர் போட்டுக் கட்டி அலுமாரியில் வையுங்கள். இரண்டு வெற்று அட்டையில் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று மட்டும் இங்கே சொல்லுங்கள்.

ஓகஸ்ட் 3 | ஹட்டன் மாலைவகுப்பு

ஒன்றில் 1984, கப்பல் நின்றது. மற்றதை இன்னும் நிரப்பவில்லை. இரண்டு குழு இரண்டு விதமாகச் சொல்கிறது, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நேரம் கேட்டிருக்கிறார்கள்.